குளோரின் அளவு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் ஒரு சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி, எண்ணூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் மாதிரிகள் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்கள், தண்ணீர் லாரி ஓட்டுநர்கள், பள்ளித் தலைமை ஆசிரியைகள், தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்டுகள். உப்பு, கடினத்தன்மை பற்றிய கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். குளோரின் அப்படி இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. பேசியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

குடிநீரில் குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 (2012) சொல்வது: கட்டற்ற குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது குறைந்தபட்ச அளவு 0.5 ஆக உயர்கிறது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 5 மில்லிகிராம். அதை எட்டுவதற்கு வெகு முன்பே வாடை தாங்காமல் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவோம்.

லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்பது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 5000 லிட்டர் கொள்ளும் ஒரு சம்ப்பில் மொத்தமே 1 கிராம். அந்த ஒரு கிராமைத்தான் நாம் கருவி வைத்துத் தேடுகிறோம். வெயிலும் அழுக்கும் நேரமும் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மற்ற சோதனைகளில் இல்லாத சிக்கல்கள் இதில் மட்டும் இத்தனை வருவதற்கு அதுதான் காரணம்.

கட்டற்ற குளோரின், கூட்டுக் குளோரின், மொத்தக் குளோரின் என்று மூன்று எண்கள் எதற்கு?

பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ தண்ணீரில் சேர்ந்ததும் ஹைபோகுளோரஸ் அமிலமாகவும் ஹைபோகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தது கட்டற்ற குளோரின். கிருமியைக் கொல்லும் முழு வேகமும் உள்ளது இது. தண்ணீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதனுடன் சேர்ந்து குளோரமைன்களாக மாறிவிடும். இது கூட்டுக் குளோரின். கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாக. இரண்டின் கூட்டுத்தொகை மொத்தக் குளோரின்.

எங்கள் பகுதியில் இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் சாக்கடை கசிந்துகொண்டிருந்தால் பழைய இணைப்புகளின் வழியே அது உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. சாக்கடையோடு அம்மோனியாவும் வரும். அப்போது கட்டற்ற குளோரின் சுழியத்துக்கு இறங்கும். மொத்தக் குளோரின் மட்டும் 0.6, 0.8 என்று நிற்கும். மொத்தத்தை மட்டும் அளந்தவர் "குளோரின் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டையும் அளந்தவருக்கு அந்தத் தெருவில் ஏதோ கலக்கிறது என்ற சந்தேகம் உடனே வரும். ஆகவே எங்கள் கூடத்தில் ஒற்றை எண் எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒரே தண்ணீரை இரண்டு கூடங்களில் கொடுத்தேன். ஓரிடத்தில் 0.4, இன்னோரிடத்தில் 0. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இடையில் எவ்வளவு நேரம் போனது என்பதுதான் முதல் கேள்வி.

உப்பை அளக்க நாளைக்குக் கொண்டுபோனாலும் உப்பு அப்படியே இருக்கும். குளோரின் இருக்காது. மாதிரியை எடுத்தவுடன் அளக்க வேண்டும், கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது முறை. பதப்படுத்தி வைக்க வழியே இல்லை. ஒரு மே மாத மதியம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி ஸ்கூட்டரில் மாதிரி கொண்டுவந்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில், பாதி நிரப்பியது, வண்டியின் முன்கொக்கியில் வெயிலில் ஆடிக்கொண்டே வந்திருக்கிறது. கையில் வாங்கியபோது வெந்நீர்போலச் சுட்டது. வெயில் ஹைபோகுளோரைட்டைச் சிதைக்கும். சூடு அந்த வேகத்தைக் கூட்டும். பாட்டிலில் காலி இடம் இருந்து குலுங்கினால் கொஞ்சம் ஆவியாகவும் போகும். நான் அளந்தபோது சுழியம். அன்று மாலையே, தண்ணீரில் வரும் நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் கையடக்கக் கலரிமீட்டரை எடுத்துக்கொண்டு அதே குழாயடிக்குப் போய் அளந்தேன். 0.3 காட்டியது.

மாதிரி கூடத்துக்கு வரக் கூடாது, கூடம்தான் குழாயடிக்குப் போக வேண்டும். முடியாதென்றால் நிழலில், ஒளிபுகாத பாட்டிலில், விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடிக் கொண்டுவாருங்கள். எடுத்த நேரத்தைப் பாட்டிலின் மேல் எழுதுங்கள்.

எந்தப் பாட்டிலில் எடுப்பது?

பாட்டிலும் குளோரினைத் தின்னும். புதுக் கண்ணாடிப் பாட்டில்கூட உள்சுவரில் ஒட்டியிருக்கும் அழுக்கால் முதல் ஒன்றிரண்டு முறை அளவைக் குறைத்துக் காட்டும். நீர்த்த ஹைபோகுளோரைட் கரைசலை நிரப்பி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, பிறகு குளோரினைத் தின்னாத தூய நீரில் பலமுறை அலச வேண்டும். ஜூஸ் வாங்கிய பாட்டிலில் எடுக்கவே கூடாது. சர்க்கரையின் மிச்சமே போதும்.

எங்கள் கூடத்தில் நடந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக் குழாய்கள் எல்லாவற்றிலும் குளோரின் சுழியம் என்று வந்தது. தலைமை ஆசிரியை பதறிப்போய் அன்று மதியமே குழாய்களைப் பூட்டிவிட்டார். காரணத்தைத் தேடியபோது, புதிதாகச் சேர்ந்த பெண் கிருமிச் சோதனைக்கென்று வைத்திருந்த பாட்டில்களை எடுத்துப் போயிருந்தது தெரிந்தது. அந்தப் பாட்டில்களுக்குள் சோடியம் தயோசல்பேட் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். வழியில் குளோரின் கிருமிகளைக் கொன்று உண்மையை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக அது போடப்படுகிறது. குளோரினைப் பிடித்து முறிப்பதே அதன் வேலை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, தவறு எங்களுடையது. அன்றிலிருந்து அந்தப் பாட்டில்களின் மூடிகளில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறோம்.

டி.பி.டி. மாத்திரை போட்டால் ரோஜா நிறம் வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது?

டி.பி.டி. என்பது டைஎத்தில் பாரா ஃபினிலின் டைஅமின் என்ற நிறமற்ற பொருள். குளோரின் அதை ஆக்சிஜனேற்றம் செய்ததும் ரோஜா நிறச் சாயமாக மாறும். குளோரின் கூடினால் நிறம் கூடும். கலரிமீட்டர் 515 நானோமீட்டருக்கு அருகிலுள்ள பச்சை ஒளியை அந்தக் கரைசலின் வழியே அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்து அளவாக மாற்றிச் சொல்கிறது. 1950களில் பேலின் என்ற வேதியியலாளர் உருவாக்கிய முறை இது. இன்றும் உலகெங்கும் இதுதான் புழக்கத்தில் உள்ளது.

கட்டற்ற குளோரினுக்கு முதல் மாத்திரை போட்டுக் கரைந்ததும் ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். பிறகு பொட்டாசியம் அயோடைடு உள்ள அடுத்த மாத்திரையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து படித்தால் மொத்தக் குளோரின். கழித்தால் கூட்டுக் குளோரின்.

அந்த ஒரு நிமிடக் கணக்கு அவ்வளவு முக்கியமா? போன் வந்தது, பேசிவிட்டு வந்து படித்தேன்.

மிக முக்கியம். குளோரமைன்களில் ஒன்றான மோனோகுளோரமைனும் டி.பி.டி.யோடு வினைபுரியும், ஆனால் மெதுவாக. ஒரு நிமிடத்தில் கொஞ்சமே வினைபுரிந்திருக்கும். மூன்று நிமிடம் கழிந்தால் அது கட்டற்ற குளோரினின் வேடத்தில் உங்கள் எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு விரைவாக இது நடக்கும். குளிர்நாட்டுக் கூடத்தில் பிழை சிறிதாக இருக்கலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பிடித்த சென்னைத் தண்ணீரில் அது பெரிதாகிவிடும்.

இதையே நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை படியுங்கள். எண் அசையாமல் நின்றால் பெரும்பாலும் உண்மையான கட்டற்ற குளோரின். ஏறிக்கொண்டே போனால் அதில் குளோரமைன் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

நேற்று ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டோம். கருவி சுழியம் காட்டுகிறது. பவுடர் போலியா?

இருக்கலாம். பவுடர் பழையதாகவும் இருக்கலாம். நல்ல பிளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு பயன்தரும் குளோரின் இருக்கும், கடலோர ஈரக்காற்றில் சாக்கைத் திறந்துவைத்தால் வாரக்கணக்கில் அது கரைந்து போய்விடும். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதற்கு நேர் எதிரானதை.

கொருக்குப்பேட்டையில் ஒரு குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை சம்ப்பைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் தாமே ஒரு சிறிய சோதனைக் கருவி வைத்திருந்தார். சுழியம் வந்ததும் மீண்டும் பவுடர் போட்டார். மறுபடியும் சுழியம். மூன்றாம் முறை போடும் முன் எங்களை அழைத்தார். சம்ப் மூடியைத் திறந்ததுமே கண் எரிந்தது. பத்து மில்லி தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டு நசுக்கினேன். கண்ணாடியின் அடியில், மாத்திரையைச் சுற்றி, செம்பருத்திச் சாறு கொட்டியதுபோல ஒரு நிறம் பொங்கியது. இமை மூடித் திறப்பதற்குள் அது மேலே பரவியபடியே வெளுத்து நிறமற்ற தண்ணீராகிவிட்டது. "பாருங்கள் சார், சுழியம்தானே?" என்றார் அவர். ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு தூய நீர் சேர்த்து மறுபடி சோதித்தேன். இம்முறை ரோஜா நிறம் வந்து நின்றது. பத்தால் பெருக்கிப் பார்த்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல்.

குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. ரோஜா நிறத்தோடு நிற்காமல் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறமற்ற இன்னொரு பொருளாகிவிடும். கருவிக்கு நிறம்தான் தெரியும். நிறம் வந்து போனது அதற்குத் தெரியாது. ஆகவே மாத்திரை போடும்போது கண்ணை எடுக்காதீர்கள். மூக்கையும் நம்புங்கள்: வாடை அடிக்கும் தண்ணீர் சுழியம் காட்டினால் நீர்த்துப் பாருங்கள். நீர்க்கப் பயன்படுத்தும் தண்ணீரே குளோரினைத் தின்பதாக இருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு வந்த எண்களில் மிகவும் பயப்படுவது இந்தச் சுழியத்துக்குத்தான். குளோரின் இல்லை, குளோரின் மிக அதிகம், பாட்டில் தவறு, மாதிரி பழையது, மாத்திரை கெட்டது என்ற ஐந்தில் எதுவாகவும் அது இருக்கலாம்.

ஒரே குவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு மாதிரிக் குப்பியில்) மொத்தக் குளோரின் அளந்துவிட்டு அலசி, அடுத்த மாதிரியின் கட்டற்ற குளோரினை அளக்கலாமா?

வேண்டாம். அலசிய பிறகும் சுவரில் ஒட்டியிருக்கும் அயோடைடின் சுவடு போதும், அடுத்த மாதிரியின் குளோரமைனைக் கட்டற்ற குளோரினாகக் காட்டிவிடும். நீங்கள் நாள் முழுதும் தவறாகவே அளந்துகொண்டிருப்பீர்கள், எண்களும் பார்க்க அழகாக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் குவெட், தனித்தனி நசுக்கும் குச்சி. செலவு ஒன்றும் பெரிதில்லை.

மணலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் போடாமலேயே ரோஜா நிறம் வருகிறதே?

பெரும்பாலும் மாங்கனீசு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசு தன்னளவில் டி.பி.டி.யைத் தொடாது. குளோரினோ வேறு ஆக்சிஜனேற்றியோ அதைத் தொட்டு உயர்நிலைக்கு மாற்றிவிட்டால் அதுவும் டி.பி.டி.யைச் சாயமாக்கும். என்றோ ஒருநாள் போட்ட குளோரின் தீர்ந்துபோயிருக்கும். அது மாற்றிவைத்த மாங்கனீசு மிஞ்சியிருக்கும். கருவி அதைக் குளோரின் என்று படிக்கும். இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லும் பிழை என்பதால் இது மோசமானது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மாதிரியின் ஒரு பகுதியில் பொட்டாசியம் அயோடைடும் சோடியம் ஆர்சனைட்டும் சேர்த்தால் குளோரின் முறிந்துவிடும், மாங்கனீசு நிற்கும். அதற்குப் பிறகு டி.பி.டி. போட்டு வரும் நிறம் முழுவதும் மாங்கனீசினுடையது. அதை முதல் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். ஆர்சனைட் கொடிய நஞ்சு. கூடத்துக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள், தொட்டியில் கொட்டாதீர்கள், தனிக் கேனில் சேருங்கள்.

இரும்புத் துரு கலங்கிய தண்ணீருக்கு இவ்வளவு பாடு இல்லை. மருந்து போடாத அதே தண்ணீரை வைத்துக் கருவியைச் சுழியமாக்கினால் கலங்கலும் பழுப்பும் பெரும்பாலும் கழிந்துவிடும். வடிகட்டிவிட்டு அளக்கலாமா என்று கேட்பார்கள். வடிதாளே குளோரினைத் தின்னும், வேண்டாம். கடினத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் மாத்திரையிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்குவதும் உண்டு. அப்படிப்பட்ட நீருக்கென்றே தனி மாத்திரைகள் விற்கிறார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரில் அளப்பது வேறா?

சற்றே வேறு. மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் தொடங்கியது. வடசென்னைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது அதனால்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. நிலையத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், சிறிதளவு கடந்து வரும். குளோரின் சேர்த்ததும் அந்தப் புரோமைடு ஹைபோபுரோமஸ் அமிலமாகிறது. டி.பி.டி. அதையும் குளோரினையும் பிரித்தறியாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் குளோரின் கணக்கில் சொல்லும்.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிவிட்டது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அங்குள்ள உப்புக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகும். அம்மோனியாவும் இருந்தால் உருவாகும் புரோமமைன்கள் முதல் மாத்திரையிலேயே முழுவதும் வினைபுரிந்துவிடும். கட்டற்றது, கூட்டு என்ற பிரிவினையே அங்கே பொருளற்றுப்போகிறது. கடல்நீரை அளக்கும்போது "குளோரின்" என்று எழுதாமல் "மொத்த எஞ்சிய ஆக்சிஜனேற்றிகள்" என்று எழுதும் வழக்கம் இதனால் வந்தது. உப்புக் கிணற்றுக்கும் அதே பெயரை நேர்மையாக எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன்.

எங்கள் நிலையத்தில் குழாயோடு பொருத்திய கருவி 0.9 காட்டுகிறது, கையடக்கக் கருவி 1.3 காட்டுகிறது. எதைத் திருத்துவது?

அவசரப்பட்டு எதையும் திருத்தாதீர்கள். முதலில் தண்ணீரின் அமில காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவைப் பாருங்கள்.

குழாயோடு பொருத்தும் கருவிகளில் பல, மின்முனையில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக் கணக்கிடுபவை. அவற்றில் பெரும்பாலானவை ஹைபோகுளோரஸ் அமிலத்தை நன்றாக உணரும், ஹைபோகுளோரைட் அயனியைச் சரியாக உணராது. 25 டிகிரியில் பி.எச். 7.5 இருந்தால் இரண்டும் ஏறத்தாழப் பாதிப் பாதி. 8.5 ஆனால் அமிலத்தின் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குச் சுருங்கிவிடும். டி.பி.டி. முறையில் மாத்திரையிலுள்ள தாங்கல் பொருள் பி.எச்.ஐ 6.3 அருகே இழுத்துப் பிடித்து இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே தண்ணீரின் பி.எச். ஏறினால், குளோரின் குறையாமலேயே குழாய்க் கருவியின் எண் இறங்கும். பி.எச். திருத்தம் உள்ள கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஓட்டம். மின்முனைக்கு முன்னால் தண்ணீர் சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பம்ப் நின்றால் மின்முனையருகே உள்ள குளோரின் தீர்ந்து எண் சரியும். மின்முனைச் சவ்வில் சளிபோலப் படலம் படிந்தாலும் அப்படித்தான். ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் எடுத்த மாதிரியை டி.பி.டி.யால் அளந்து, அதற்கேற்ப மட்டுமே குழாய்க் கருவியை ஒத்திசைக்க வேண்டும். காலையில் எடுத்த எண்ணை மாலையில் கருவிக்குள் ஏற்றுகிறவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

குளோரின் இல்லவே இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தால்?

சுத்திகரித்த கழிவுநீரைச் சவ்வு வழியே செலுத்தும் நிலையங்களில் இந்தத் தேவை வரும். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள அப்படியொரு நிலையம் மணலித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் தருகிறது. பாலிஅமைடு சவ்வைக் கட்டற்ற குளோரின் அரித்துவிடும். உள்ளே போகும் நீரில் 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. அந்த மட்டத்தில் சாதாரணக் கலரிமீட்டரின் 0.03க்கும் 0.06க்கும் நடுவே உண்மையான வேறுபாடு இருக்கிறதா, கைரேகை படிந்ததா என்று சொல்வது கடினம். அங்கே நீண்ட ஒளிப்பாதை உள்ள குவெட்டோ மின்னோட்டத் தரம்பார்த்தலோ (வினைபொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மின்னோட்டத்தை வைத்து முடிவைக் காணும் முறை) வேண்டும். மொத்தக் குளோரின் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் இடத்தில் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் கொண்டு செய்யும் பழைய தரம்பார்த்தலே போதும்.

மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து இன்னும் விற்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

நான் வேண்டாம் என்பேன். ஆர்த்தோடாலிடின் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். அமெரிக்க நீர்ப்பரிசோதனைக் கையேடு 1970களிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. கட்டற்றதையும் கூட்டையும் அது ஒழுங்காகப் பிரித்துக் காட்டுவதுமில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தச் சொட்டுப் புட்டி அடுக்களை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கருவி சரியாக அளக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கருவியோடு வரும் ரோஜா நிறக் கண்ணாடிகள் ஒளியும் உணரியும் சரியாக உள்ளனவா என்று மட்டுமே சொல்லும். மாத்திரை கெட்டிருந்தால் அவற்றுக்குத் தெரியாது. குளோரின் கரைசலை நாமே தயாரித்து வைக்கலாமென்றால் அது நாளுக்கு நாள் குறையும். அதனால் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைப் பயன்படுத்துகிறோம், அதுவும் டி.பி.டி.யோடு அதே ரோஜா நிறம் தரும். 0.891 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்குங்கள். அதில் 10 மில்லியை 100 மில்லியாக்குங்கள். அந்தக் கரைசலில் 1 மில்லியை மீண்டும் 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினுக்கு இணை. 1 காட்ட வேண்டிய இடத்தில் கருவி 0.7 காட்டினால் முதலில் மாத்திரையை மாற்றிப் பாருங்கள், பிறகு கருவியைச் சந்தேகியுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனால் எண் தாறுமாறாக வருகிறது, ஏன்?

பனி பூத்துவிடுகிறது. குளிர்ந்த குவெட் எண்ணூர்க் காற்றைத் தொட்டதும் வெளிச்சுவரில் நுண்ணிய நீர்த்துளிகள் படியும். கருவியின் உள்ளே உள்ள வில்லையிலும் படியும். ஒளி சிதறி, எண் கூடும். பெட்டியைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். குவெட்டைப் பஞ்சு நூல் துணியால் துடைத்து, குறியிட்ட பக்கம் எப்போதும் ஒரே திசையில் இருக்கும்படி வையுங்கள். கீறல் விழுந்ததைத் தூக்கி எறியுங்கள். மாத்திரை நசுங்கியதும் எழும் சிறு குமிழிகள் அடங்கும்வரை மென்மையாகச் சாய்த்துச் சாய்த்து நேராக்குங்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தையும் தாண்டாதீர்கள்.

டி.பி.டி. மாத்திரைகளைப் படலத்திலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். திரவ டி.பி.டி. இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது காற்றோடேயே வினைபுரிந்துவிட்டது.

டி.டி.எஸ். மீட்டரில் குளோரின் தெரியுமா?

தெரியாது. அது கரைந்துள்ள உப்புகளின் மின்கடத்தலைப் பார்க்கிறது.

கேன் தண்ணீரில் சுழியம் வருகிறது. ஏமாற்றா?

இல்லை. கேன் தண்ணீர் வழக்கமாகக் கரி வடிகட்டியையும் சவ்வையும் தாண்டி வருகிறது. கரியே குளோரினை நீக்கிவிடும். அதில் காக்கும் குளோரின் இல்லை என்பதால், திறந்த கேனைப் பல நாள் வைத்துக் குடிப்பதுதான் கவலைக்குரியது.

எங்கள் குடியிருப்புக்கு என்ன வாங்குவது, எங்கே அளப்பது?

கலரிமீட்டர் வாங்க வசதியில்லையென்றால் டி.பி.டி. மாத்திரையும் நிற அட்டையும் உள்ள சிறு பெட்டி போதும். 0.2, 0.5, 1 என்ற நிறங்களை நல்ல பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பின் கீழே ரோஜா நிறம் ஏமாற்றும்.

மூன்று இடத்தில் அளங்கள்: தெருக்குழாயிலோ லாரிக் குழாயிலோ தண்ணீர் உள்ளே வரும் இடம், சம்ப், கடைசி மாடியில் ஒரு வீட்டு அடுக்களைக் குழாய். குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். வீணாகாமல் அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடுத்த நேரம், படித்த நேரம், இடம், கட்டற்றது, மொத்தம் என்று ஆறு பத்திகள் போடுங்கள். வாரம் ஒருமுறை போதும். தெருவில் பள்ளம் தோண்டினாலோ மழைநீர் தேங்கினாலோ அன்றே அளந்துவிடுங்கள். எங்களிடம் வரும்போது பாட்டிலோடு அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். நான் முதலில் திறப்பது நோட்டைத்தான்.